சல்லரி மாமாவின் சொந்தப் பெயர்

மாமா இறந்த அன்று காலை எட்டு மணிக்கே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ புறப்பட்டுவிட்டது. மட்டக்களப்புப் பக்கம் இதுதான் வழக்கம். ஆட்டோவின் கூரையில் ஒரு ஹோர்ன், உள்ளே மைக் பிடித்த ஒரு பொடியன், அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம். இன்னாரின் மகனும் இன்னாரின் கணவரும் இன்னாரின் தகப்பனாருமாகிய இன்னார் காலமானார், நல்லடக்கம் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போவான்.

வருகிறவர்களுக்குக் கோப்பி போடச் சீனி வாங்க நான் சந்திக் கடைக்குப் போயிருந்தேன். ஆட்டோ எங்களைக் கடந்தது. கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆரு தம்பி இந்த மனிசன்? நம்மட ஊரா?" என்று என்னிடமே கேட்டார். அவர் மாமாவோடு ஐம்பது வருடம் பழகியவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு கணம் நானும் ஆரது என்றுதான் யோசித்தேன்.

பதினொரு மணி வரை பந்தலில் நெருங்கிய சொந்தம் மட்டும்தான். மாமாவின் மூத்த மகனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்டோவை மறித்து ஏறினான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நம்மட சல்லரி மோசம் போயிட்டாரு. சல்லரி. கூத்துச் சல்லரி, ட்ரம்ஸ் சல்லரி" என்றான். அவ்வளவுதான். மதியத்துக்குள் கதிரை போதவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து கூத்துக்காரர்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் வந்து இறங்கினார்கள். காத்தான்குடியிலிருந்து சவுண்ட்ஸ் கடை முதலாளி வந்தார். மாமாவின் சொந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அவர்களில் பாதிப்பேருக்கு அது ஆரென்று தெரியாது.

பெற்ற தகப்பனைப் பட்டப்பெயர் சொல்லி ஊர் முழுக்கக் கூவினானே என்று மாமி மட்டும் மகனோடு இரண்டு நாள் பேசவில்லை.

சல்லரி தெரியாதவர்களுக்காக: அது கூத்தில் தட்டும் கைத்தாளம். எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளான வடமோடி, தென்மோடி இரண்டுமே வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில் நடக்கும். நடுவில் கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் சல்லரிக்காரர். அவர்களைச் சுற்றித்தான் அரசரும் அரசியும் கட்டியகாரனும் ஆடுவார்கள். ராத்திரி ஒன்பது, பத்துக்குத் தொடங்கினால் விடியும்வரை. அண்ணாவியாராவது இடையில் பாடுவார், அதட்டுவார், ஆட்டக்காரனை முறைப்பார். சல்லரிக்காரருக்கு ஒரே வேலை, தாளம். ஆடுபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சல்லரிக்காரர் அப்படியே நிற்பார்.

மாமாவுக்கு அப்போது பதினைந்து வயது. 1967ஆக இருக்கவேண்டும். பாரதக் கதை, வடமோடி, பெற்றோல்மக்ஸ் வெளிச்சம். அந்த ராத்திரியில் ஏதோ நடந்தது. விடிந்தபோது அவர் சல்லரி ஆகியிருந்தார். என்ன நடந்தது என்பதில்தான் சிக்கல்.

என் அம்மா சொல்வது: அதிகாலை மூன்று மணிக்கு நின்ற நிலையிலேயே நித்திரையாகிவிட்டான், ஒரு கைத் தாளம் நழுவி மத்தளத்தின் மேல் விழுந்தது, அண்ணாவியார் பாட்டை நிறுத்தாமல் பாட்டின் மெட்டிலேயே "சல்லரி நித்திரையோ" என்று ஒரு அடி சேர்த்துப் பாடினார், பக்கப்பாட்டுக்காரரும் பழக்கதோஷத்தில் அதையே திருப்பிப் பாடிவிட்டார்கள். பெரியப்பா இதை ஒத்துக்கொள்வதில்லை. அவர் கணக்கில், தாளத்தை முந்தி விட்டதால் துரியோதனன் தன் வரவுக்கு முன்பே களரிக்குள் வந்து, பாதியில் நின்று, ஆரைப் பார்ப்பது என்று தெரியாமல் முழித்தான். மாமாவைக் கேட்டால் கூத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பார். சின்ன வயதில் தன் இரண்டு காதும் தலையில் ஒட்டாமல் விரிந்து நிற்கும், பள்ளிக்கூடத்தில் சக மாணவன் ஒருவன் வைத்தது, சல்லரி தட்டப் போனதே பெயர் வந்த பிறகுதான் என்பார். கடைசிவரை அவருடைய காதுகள் விரிந்துதான் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

இசைக்காரர்களின் பட்டப்பெயர்களைப் பற்றி எதையாவது படிக்க எடுத்தால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கதைக் குழப்பம். ஆர்.டி. பர்மனை பம்பாய் இசையுலகமே 'பஞ்சம்' என்று கூப்பிட்டது. குழந்தையாக இருந்தபோது அழுகை பஞ்சம சுரத்தில் இருந்ததாம் என்பது ஒரு கதை. 'ப' என்ற சத்தத்தையே திரும்பத் திரும்பச் சொன்னதால் நடிகர் அசோக் குமார் வைத்தார் என்பது இன்னொரு கதை. (எங்கள் ஊரில் பிறந்திருந்தால், இசைக்காரனுக்குப் பஞ்சம் என்ற பெயர் சரியாகத்தான் பொருந்துகிறது என்று மாமி சொல்லியிருப்பார்.) ஒரு பட்டப்பெயருக்கு ஒரேயொரு கதைதான் இருக்கிறது என்றால் அது புதுசு, இன்னும் பழுக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மாமா சொன்ன காதுக் கதையை நான் நம்பாததற்கு வேறு காரணம் இல்லை, மற்ற இரண்டும் நல்ல கதைகள் என்பதுதான். ஆனால் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இசையுலகில் ஒன்றும் அபூர்வமில்லை. லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கை 'சாச்மோ' என்றார்களே, அது தோற்பை வாயன் என்பதன் சுருக்கம். எக்காளம் ஊதி உலகத்தை ஆட்டிவைத்த மனிதருக்கு வாயைக் கிண்டல் செய்த பெயர்தான் நிலைத்தது, அவரும் அதை மகிழ்ச்சியோடு சுமந்தார். உடுப்பைப் பார்த்து வைத்ததும் உண்டு. இங்கிலாந்துப் பாடகர் ஸ்டிங் இளம் வயதில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட மேற்சட்டையோடு மேடையேறுவாராம். பார்க்கக் குளவி மாதிரி இருந்ததால் கூட வாசித்தவர்கள் கொட்டு என்று வைத்துவிட்டார்கள். அந்தச் சட்டை எப்போதோ கிழிந்திருக்கும்.

கூத்தில் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு இன்னொரு வழி இருக்கிறது, வேடம். ஒரு கூத்தை எடுப்பது என்று ஊர் முடிவு செய்தால் முதலில் சட்டம் கொடுப்பார்கள். ஆர் ஆருக்கு என்ன வேடம் என்று அண்ணாவியார் குரலைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து, சில வேளை வீட்டுக்காரரின் முகத்தையும் பார்த்துப் பிரித்து, பாட்டைக் கையில் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது எல்லாம் தாண்டி அரங்கேற்றம் வருவதற்குள் ஊர் அவர்களை வேடத்தின் பெயரால் கூப்பிடப் பழகிவிடும். "தருமர் இன்னும் வரல்லியா?" "தருமருக்கு வயல்ல தண்ணி கட்ட இரிக்கி." கூத்து முடிந்ததும் பெரும்பாலான பெயர்கள் சதங்கையோடு கழன்றுவிடும். ஒன்றிரண்டு கழலாது.

எங்களுக்கு அடுத்த ஊரில் ஒரு துரியோதனன் இருந்தார். ஒரே ஒரு முறைதான் அந்த வேடம் கட்டினார். ஒரு கோழிக்குக் கத்தி வைக்கவும் மனம் வராத மனிதர். அவருடைய பேரன் இன்றும் பள்ளிக்கூடத்தில் துரியோதனன்ட பேரன். பாஞ்சாலி என்று ஒருவர். அந்தக் காலத்தில் பெண் வேடமும் ஆண்கள்தானே கட்டுவார்கள். அரங்கேற்றம் முடிந்த கையோடு மீசை வளர்த்தார், உழவு மெஷின் ஓட்டினார், நாலு பிள்ளைக்குத் தகப்பனானார். ஊர் விடவில்லை. பாஞ்சாலி என்று கூப்பிட்டால் கல்லெடுப்பார். ஆனால் பல வருடம் கழித்து ஊரில் வேறு கூத்துப் போட்டபோது, அந்த வேடம் கட்டிய இளம் பொடியனை ஆரோ பாஞ்சாலி என்று கூப்பிட, இவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "நான் உசிரோட இரிக்கக்குள்ள அவன் எப்பிடிடா பாஞ்சாலி?" என்று சண்டைக்குப் போனார். இதை நான் நேரில் பார்த்தேன்.

அண்ணாவியாருக்கு இந்த வில்லங்கம் இல்லை. அந்தச் சொல் சொந்தப் பெயரை முழுசாக விழுங்கிவிடும். அக்கரைப்பற்றில் களிகம்பு என்ற கோலடி ஆட்டம் பழக்குகிறவரும் அண்ணாவிதான். மனைவிகூட மற்றவர்களிடம் பேசும்போது "அண்ணாவியார் சாப்பிடல்ல" என்பார். ஒரு ஊரில் இரண்டு அண்ணாவியார் இருந்தால் மட்டும் முன்னால் ஒரு அடையாளம் வரும், பெரும்பாலும் குறிச்சியின் பெயர்.

இந்த இடத்தில் எனக்கு உறுத்துகிற ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. வாத்தியத்தின் பெயரை முன்னால் வைத்து ஒருவரைச் சொல்வதைத் தமிழ் இசையுலகம் மரியாதையாகத்தான் செய்தது. வீணை தனம்மாள், புல்லாங்குழல் மாலி, கடம் விக்கு விநாயக்ராம் என்னும்போது, அந்த வாத்தியம் என்றால் அவர்தான் என்கிற எடுப்பு அதில் இருக்கிறது. என் மாமாவும் சல்லரி என்ற பெயரை அப்படித்தான் கடைசியில் எடுத்துக்கொண்டார். ஆனால் எங்கள் கோயில்களிலும் சாவு வீடுகளிலும் பறைமேளம் அடித்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவர்களிலும் தேர்ந்த கலைஞர்கள் இருந்தார்கள். பறைமேளத்தோடு சொர்ணாளிக் குழல் ஊதுகிறவரின் மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம். வாத்தியத்தின் பெயர் அவர்கள் தலையில் சாதியின் பெயராக விழுந்தது. எழுபது வயதுக்காரரைப் பன்னிரண்டு வயதுப் பொடியன் "டேய்" போட்டுக் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பொடியனும் என் வகுப்புத்தான். இன்று கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பறைமேளம் பாடமாகவும் மேடையாகவும் இருக்கிறது. நல்லது. இருந்தாலும் வீணைக்காரர் வீணை ஆனதையும் பறைக்காரர் பறை ஆனதையும் ஒரே வரிசையில் வைத்து, இசைக்கலைஞர்களின் செல்லப்பெயர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, மாமாவிடம் திரும்புவோம். கூத்து வருடத்துக்கு ஒரு முறை. வயிறு தினமும். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் டவுனுக்கு வந்து ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்தார். பட்டறைக்காரர் பறங்கியர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வயலினும் மேளமும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை தொடங்கினால் கிழவிகளும் எழும்பி ஆடுவார்கள். பகலில் அலுமாரிக்குச் சீவுளி போட்ட அதே கை ராத்திரி வயலின் பிடிக்கும். அங்கேதான் மாமா ட்ரம்ஸ் பழகினார். இரண்டு கையும் இரண்டு காலும் வேறு வேறு வேலை செய்யவேண்டும் என்பது முதலில் பயமாக இருந்ததாம். "கூத்துல ஆட்டக்காரன்ட கால் வேற, என்ட கை வேறதானே, அத நெனச்சிக்கிட்டன்" என்று சொல்லியிருக்கிறார்.

பட்டறைக்காரரின் வாயில் சல்லரி வரவில்லை. சலரி, சாலரி என்று சுற்றி வந்து கடைசியில் சார்லி ஆகிவிட்டது. மாமாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பொப்பிசையும் பைலாவும் கொடிகட்டிப் பறந்த காலம். சார்லி என்றால் ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்காரப் பிறந்த பெயர் மாதிரி இருந்தது. டவுனில் ஒரு இசைக்குழுவில் இடம் கிடைத்ததும் நோட்டீஸில் அந்தப் பெயரைத்தான் போடச் சொன்னார். மாமாங்கத் திருவிழா நாட்களில் ஒரு ராத்திரி நிகழ்ச்சி. அறிவிப்பாளர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். லீட் கிற்றார் இன்னார், கொங்கோ இன்னார். பிறகு குரலை ஏற்றி, "ட்ரம்ஸ், சார்லி!" என்கிறார். மாமா குச்சியைச் சுழற்றி எழும்புகிறார். சனத்துக்குள் ஊர்க்காரர் ஒருவரின் குரல்: "டேய், அது நம்மட சல்லரிடா!"

சிரிப்பு அடங்க ஒரு பாட்டு நேரம் எடுத்ததாம். அடுத்த மேடையிலிருந்து அறிவிப்பாளரே "ட்ரம்ஸ் சல்லரி" என்று சொல்லத் தொடங்கினார். அப்போதுதான் கைதட்டலும் கூடியது. சார்லி என்ற பெயர் பிறகு அந்தப் பறங்கி வீட்டில் மட்டும் வாழ்ந்தது. பட்டறைக்காரரின் பேத்தி அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய அனுதாபச் செய்தியில் "சார்லி அங்கிள்" என்றுதான் இருந்தது.

ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டால் என்ன என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். கர்நாடக இசைக்காரர்கள் அப்படித்தானே. செம்மங்குடி, அரியக்குடி, செம்பை, பாலக்காடு. ஊர் முன்னால் நிற்கும், பெயர் பின்னால் வரும், நாளாக ஆகப் பெயர் உதிர்ந்து ஊரே ஆளாகிவிடும். செம்மங்குடி பாடினார் என்றால் ஊர் பாடியதாக ஆரும் நினைப்பதில்லை. மாமா சொன்ன பதில்: "மட்டக்களப்புக்குள்ள நிண்டுகிட்டு நான் மட்டக்களப்பான் எண்டு சொன்னா ஆரு மதிப்பான்?"

யோசித்தால் அது சரிதான். ஊரை விட்டு வெளியே போகும்போதுதான் ஊர்ப்பெயர் ஒட்டுகிறது. எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு பெரிய ஊராகவும் அது மாறும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி அளவெட்டிக்காரர். தமிழ்நாட்டில் அவர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் சென்னைக்குப் போனதும் யாழ்ப்பாணமும் போதவில்லை, முழு நாடும் தேவைப்பட்டது. சிலோன் மனோகர் ஆனார். இலங்கையில் ஆரும் அவரைச் சிலோன் மனோகர் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். எல்லாருமே இங்கே சிலோன்தானே. நாகூர் ஹனிபாவின் கதை இன்னும் சுவை. அவர் பிறந்தது இராமநாதபுரத்தில், நாகூர் தகப்பன் வழி ஊர். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் எந்தக் கடையைத் தாண்டினாலும் அந்தக் கணீர்க் குரல் கேட்ட காலத்தில், நாகூர் என்பது ஊரா, தர்காவா, அவருடைய பெயரில் ஒரு பகுதியா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியாது.

மாமாவுக்கும் ஒரு முறை ஊர்ப்பெயர் கிடைத்தது. ஒலிப்பதிவுக்கு ஆள் போதாமல் கொழும்புக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெயர் கேட்கவே இல்லை, "மட்டக்களப்பு" என்றே கூப்பிட்டார்கள். அதோடு, மட்டக்களப்பார் வந்தவனை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற வழக்கமான பகிடி, பாயில் ஒட்டவைத்துவிடுவாயா என்று. நாலாம் நாள் ரயிலேறி வந்துவிட்டார்.

மட்டக்களப்பு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். விபுலானந்த அடிகளாரை மட்டக்களப்பின் மைந்தர் என்றும் அம்பாறையின் மைந்தர் என்றும் இரண்டு பக்கமும் மேடையில் இழுப்பார்கள். அவர் பிறந்தது 1892இல், காரைதீவில். அம்பாறை மாவட்டம் என்று ஒன்று பிரிந்ததே 1961இல்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் மயில்வாகனம். இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து பிரபோத சைதன்யர் ஆனார். துறவறம் முழுமையாகி 1924இல் விபுலானந்தர் ஆனார். மயிலின் அகவல் ஷட்ஜம் என்று பழைய இசை நூல்கள் சொல்கின்றன. சுரங்களுக்குள் கணக்குத் தேடி யாழ் நூல் எழுதப்போகிற மனிதருக்கு முதல் சுரத்தைச் சுமக்கிற பெயரை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, ஜூலையில் அவர் மறைந்தார். அதன் அட்டையில் இருப்பது குரு கொடுத்த பெயர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அவர் வெறும் 'அடிகளார்', அண்ணாவியார் மாதிரியே.

இனி என் மானத்தை வாங்கிய கதை. தானாகவே பெயர் தேர்ந்தெடுத்து வெற்றி பெற்றவர்கள் குறைவு என்பது என் கட்சி. பிரபலமான பல பெயர்களை நெருங்கிப் பார்த்தால் அங்கே ஆசையைவிட இடநெருக்கடிதான் அதிகம். பண்ணைப்புரத்து ராசையா இசை படிக்கப்போன இடத்தில் ராஜா ஆனார். 1976இல் அன்னக்கிளி வந்தபோது ஏ.எம். ராஜா என்று ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் பஞ்சு அருணாசலம் முன்னால் 'இளைய' என்று சேர்த்தார். லூர்து மேரி ராஜேஸ்வரி பாட வந்தபோது எம்.எஸ். ராஜேஸ்வரி இருந்தார். அதனால் ராஜேஸ்வரி இரண்டாக உடைந்து, பாதி முதலெழுத்தில் ஒளிந்துகொள்ள, மீதி எல்.ஆர். ஈஸ்வரி ஆயிற்று. பஸ்ஸில் ஆள் இருந்தால் தள்ளி உட்கார்வதைப் போல.

எனக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை, வெறும் ஆசைதான். தொண்ணூறுகளின் பிற்பகுதி. 1990இல் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு ராத்திரிக் களரியும் ராத்திரி மேடையும் படுத்துவிட்டன. கோயில் திருவிழாவுக்குக்கூட இருட்டுவதற்குள் பாட்டு முடிந்து ஒயர் சுற்றவேண்டும். அந்தப் பகல் மேடைகளில் நான் கீபோட் வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம், மூன்று கோட்ஸ் பிடித்தேன். ஆனால் பெயர் முதலில் வேண்டும் அல்லவா? ரிஷி என்று முடிவு செய்தேன். இரண்டே எழுத்து, அதில் ஒன்று வடமொழி, ஸ்டைலாக இருக்கும். கொப்பியின் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன்.

நோட்டீஸ் அடிக்கக் கொடுத்த அச்சகத்தில் கோர்த்தவருக்கு என் கையெழுத்து விளங்கவில்லை. அல்லது ஷி எழுத்துத் தட்டுப்பாடு. ஆயிரம் நோட்டீஸிலும் "கீபோட்: ருசி" என்று வந்தது.

மாற்றி அடிக்கக் காசில்லை. நான் பேனையால் திருத்தத் தொடங்கி இருபதாவது நோட்டீஸில் களைத்துப்போனேன். மற்றத் தொளாயிரத்து எண்பதும் செங்கலடி வரை போய்ச் சேர்ந்தன. அன்று மேடையில் அறிவிப்பாளர் நோட்டீஸைப் பார்த்தபடி "ருசி" என்றார். "என்ன ருசி? புளியாணமா?" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார். அதோடு முடிந்தது என் ரிஷி. இருபத்தைந்து வருடமாக நான் ருசி. இசையை விட்டு, அரச வேலைக்கு வந்து, வழுக்கை விழுந்த பிறகும் ருசி. என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிய பகிடிகளை இங்கே எழுதப்போவதில்லை.

மாமா மட்டும் அன்று சிரிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து, "மனே, சார்லி எண்டு வெச்ச எனக்கே இந்தக் கதி. நீ ரிஷி எண்டு வெச்சா சும்மா விடுவானுகளா?" என்றார். பிறகு, பெயர் பிடிக்கவில்லை என்று முகத்தில் காட்டினால் இன்னும் இறுகும், பிடித்த மாதிரி திரும்பிப் பார், அதுதான் வழி என்றார். எனக்கு அது அன்று ஆறுதலாக இல்லை.

பட்டங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பொன்னாடை போர்த்திக் கொடுப்பவை. மாமாவுக்கும் வயது போன காலத்தில் ஒன்று வந்தது, சட்டகம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்தப் பட்டத்தைச் சொல்லி ஆரும் அவரைக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்ததில்லை.

பெண்களைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்கு இந்த வழக்கத்தின் ஓட்டை தெரிந்தது. எங்கள் ஊரில் தாலாட்டு, ஒப்பாரி, குரவை என்று பாடியவர்கள் எல்லாம் பெண்கள். ஒருவருக்காவது பாட்டால் வந்த பட்டப்பெயர் நினைவில் இல்லை. சங்கீதம் படிப்பித்தவர்கள் எல்லாரும் டீச்சர். சொந்தப் பெயரும் போய், பட்டப்பெயரும் இல்லாமல், வெறும் டீச்சர். கர்நாடக இசையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எஸ்' அவருடைய தாய் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் 'எல்' தாய் லலிதாங்கி. பாட்டு எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டின் எழுத்து. குடியைத் தாய்வழியில் எண்ணுகிற நாங்கள் அதைச் செய்திருக்கலாம். கோயிலில் எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைச் சொல்வோம், அச்சகத்தில் முதலெழுத்தைக் கேட்டால் தகப்பனின் எழுத்தைக் கொடுப்போம்.

மாமாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க முடிவாயிற்று. அட்டையில் என்ன பெயர் போடுவது என்று வீட்டில் பெரிய பேச்சு. மூத்தவன் சல்லரி கட்டாயம் வேண்டும் என்றான். இளையவள் வேண்டாம் என்றாள், அவளுடைய மாமியார் வீட்டில் சிரிப்பார்களாம். மாமி மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் மாமாவைச் சொந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை, பட்டப்பெயராலும் கூப்பிட்டதில்லை. "இஞ்சேருங்க" மட்டும்தான்.

"போடுங்க" என்றார் திடீரென்று. "அது ஒண்டும் கெட்ட பேரில்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மகனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்.

"அண்டைக்கு அவரு நித்திரையும் கொள்ளல்ல, தாளம் முந்தவும் இல்ல. எனக்குப் பதினொரு வயசு. களரிக்குக் கிட்டப் பாயில இருந்து கச்சான் திண்டுகிட்டு இருந்தன். இந்த மனிசன் மரம் மாதிரி நிண்டுகிட்டு எங்கயோ பாத்துத் தட்டுறாரு. கச்சான் கோதால ஒரு எறி எறிஞ்சன். காதுல பட்டிச்சி. திரும்பிப் பாத்தாரு, சல்லரி கை நழுவிட்டு."

"ஆரு எறிஞ்ச எண்டு மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

மாமி உலக்கையை நிறுத்தவில்லை. "தெரியாமலா பொம்புள கேட்டு வந்த?"

மூத்தவன் அட்டையின் மாதிரித் தாளை எடுத்து, சொந்தப் பெயரின் கீழே சல்லரி என்று எழுதினான். பிறகு பேனையை என்னிடம் நீட்டி, "ருசியண்ணே, உங்கட எழுத்து அச்சகத்துக்கு விளங்காது, ஆனா பிழை இரிக்கா எண்டு மட்டும் பாருங்க" என்றான்.